கரந்தைப் பிரம்மா

பிரம்மாவுக்குக் கோயில் கிடையாது என்பது நம் ஊர்ப் பாட்டிமார் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சந்நிதி உண்டுதான். ஆனால் பொதுவாக, சிவன் கோயிலின் வடக்குச் சுவரில் ஒரு கோஷ்டத்தில் நின்றுகொண்டு, பிரதட்சிணம் செய்கிறவர்கள் போகிற போக்கில் போடும் அரைக் கும்பிடை வாங்கிக்கொள்வதுதான் அவருக்கு வாய்த்த பங்கு. தஞ்சாவூரில் மட்டும் அவர் ஒரு பெரிய காரியம் செய்திருக்கிறார். தமக்கென்று கோயில் கட்டிக்கொள்ள முடியாதவர், மற்றத் தெய்வங்களுக்கெல்லாம் ஒரு வீடு பிடித்துக் கொடுத்துவிட்டார். அரண்மனைக் கலைக்கூடத்தைத்தான் சொல்கிறேன்.

கதை நடந்தது 1951-ல். தஞ்சாவூரின் வடகோடியில் வடவாற்றை ஒட்டி இருக்கிறது கரந்தட்டாங்குடி. ஊர்க்காரர்கள் கரந்தை என்று சுருக்கிவிடுவார்கள். தமிழ்ச் சங்கத்தினால் பேர் பெற்ற கரந்தைதான். அங்கே கவனிப்பாரில்லாமல் ஒரு கல் பிரம்மா கிடந்தார். கல்கத்தாவிலிருந்து வந்த ஒரு கலை ஆர்வலர் கண்ணில் அவர் பட்டார். பார்த்தவர் சொக்கிப்போய், இதை எங்கள் ஊருக்குக் கொண்டுபோகிறேன் என்று கேட்டாராம். அதுவரை பிரம்மாவைத் திரும்பிப் பார்க்காத ஜனங்கள் அப்போது விழித்துக்கொண்டார்கள். எங்கள் ஊர்ச் சிலையை எப்படிக் கொடுப்பது என்று கிளம்பிவிட்டார்கள். விஷயம் ஜில்லா கலெக்டரிடம் போயிற்று. அப்போது கலெக்டராக இருந்தவர் டி. கே. பழனியப்பன். பிரம்மாவைக் கல்கத்தாவுக்கு அனுப்பாமல் தஞ்சாவூரிலேயே நிறுத்திக்கொண்டார். அதோடு விட்டிருந்தால் ஒரு கோப்பைக் கட்டி வைத்த கதையாக முடிந்திருக்கும். இந்த ஒரு பிரம்மாதானா இப்படிக் கிடக்கிறார் என்ற கேள்வி அவருக்கு எழுந்ததுதான் நம் அதிர்ஷ்டம். அந்த வருஷமே அரண்மனையில் கலைக்கூடம் பிறந்தது. ஜில்லாவின் மூலைமுடுக்குகளில் இடிந்த கோயில்களிலும் குளக்கரைகளிலும் வயல் வரப்புகளிலும் கேட்பாரற்றுக் கிடந்த சிலைகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன.

இது கலெக்டர் செய்கிற வேலையா என்று கேட்கலாம். சட்டப்படி அவர் வேலைதான். 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டம் ஒன்று உண்டு. மண்ணுக்குள்ளிருந்து பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருள் எது அகப்பட்டாலும், எடுத்தவன் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது அது. பத்து ரூபாய்! ஏர் முனையில் தட்டுப்படும் நடராஜரையும் பானையிலிருக்கும் காசுகளையும் ஒரே தராசில் நிறுத்த சட்டம். ஆனாலும் அது இல்லாவிட்டால் சோழ நாட்டு விக்கிரகங்களில் பாதி பாத்திரக்கடையில் உருகிப் போயிருக்கும். கலெக்டருக்கு வந்தவை அநேகமாகச் சென்னை எழும்பூர் மியூசியத்துக்குப் போய்விடுவது வழக்கம். அந்த மியூசியம் ஏற்பட்டது 1851-ல். ஆகத் தஞ்சாவூர் தன் பிள்ளைகளைத் தானே வைத்துக்கொள்ளச் சரியாக நூறு வருஷம் பிடித்திருக்கிறது.

சோழ நாட்டு மண்ணுக்குள் இவ்வளவு தெய்வங்கள் எப்படிப் போயின? இளைஞர்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி இது. மூலவர் கல், அவரை அசைக்க முடியாது. உற்சவர் உலோகம், தோளில் தூக்கிக்கொண்டு வீதிவலம் வருவதற்காகவே வார்த்தது. தூக்கக்கூடியதை எவனும் தூக்கிப் போகலாம் அல்லவா? 1311-ல் மாலிக் காபூரின் படை தெற்கே இறங்கியபோதும் சரி, 1781-ல் ஹைதர் அலியின் குதிரைகள் தஞ்சாவூர்ச் சீமையைச் சூறையாடியபோதும் சரி, கோயில்காரர்கள் செய்யக்கூடியது ஒன்றுதான். ராத்திரியோடு ராத்திரியாகக் குழி வெட்டி, மணல் பரப்பி, சுவாமியைப் படுக்க வைத்து மூடிவிடுவது. மூடியவர்கள் உயிரோடு திரும்பினால் எடுப்பார்கள். திரும்பாவிட்டால் அதன் மேல் நெல் விளையும். குறுவையும் சம்பாவுமாகப் பல நூறு போகம் விளைந்த பிறகு, ஒரு நாள் மண்வெட்டி 'டங்' என்று சத்தம் போடும்.

அப்படி வந்தவர்தான் திருவெண்காட்டு ரிஷபவாகனர். 1950-களின் தொடக்கத்தில் திருவெண்காட்டில் பூமிக்கடியிலிருந்து கிடைத்த விக்கிரகங்களில் அவர் ஒருவர். இன்றைக்குக் கலைக்கூடத்தில் எதைப் பார்க்காமல் வந்தாலும் பரவாயில்லை, அவரைப் பார்க்காமல் வரக்கூடாது என்பேன். உயரம் சுமார் மூன்றரை அடிதான். நான்கு கை இல்லை, மழு இல்லை, மான் இல்லை. நம்மைப்போல இரண்டே கை. ஒரு காலை மற்றொன்றின் முன்னே குறுக்காக வைத்து, சாய்வாக நிற்கிறார். தலையில் சடையைத் தலைப்பாகை மாதிரிச் சுற்றிக் கட்டியிருக்கிறார். நடுவே பாம்புகள் ஒளிந்திருக்கின்றன. ஒரு கை மடங்கி அந்தரத்தில் எதன்மேலோ ஊன்றியிருக்கிறது. உதட்டில் இருப்பது சிரிப்பு என்று சொல்லவும் முடியாது, இல்லையென்று சொல்லவும் மனம் வராது.

என் சகோதரியின் பிள்ளைகள் இருவரை ஒரு முறை அழைத்துப் போயிருந்தேன். பெரியவனுக்குப் பன்னிரண்டு வயது, சின்னவளுக்கு ஒன்பது. தர்பார் மண்டபத்தில் வெள்ளைச் சலவைக்கல்லில் கைகூப்பி நிற்கும் சரபோஜி மகாராஜாவை அவர்கள் ஒரு நிமிஷம் பார்த்தார்கள். அரண்மனை வளாகத்தில் வைத்திருக்கும் திமிங்கில எலும்புக்கூட்டை அரைமணி நேரம் பார்த்தார்கள். 1955-ல் தரங்கம்பாடிப் பக்கம் கரை ஒதுங்கியதாம் அந்தத் திமிங்கிலம். சோழச் சிற்பத்தோடு போட்டி போட்டு ஜயிக்கக்கூடிய வஸ்து உலகத்தில் இது ஒன்றுதான். வற்புறுத்தித்தான் ரிஷபவாகனரிடம் கூட்டிவந்தேன். சின்னவள் அண்ணாந்து பார்த்தாள்.

"மாமா, இந்த சுவாமி கையை எதுமேல வெச்சுண்டிருக்கார்?"

"மாட்டு மேல."

"மாடு எங்கே?"

"காணோம்."

அவள் நம்பவில்லை. சுவாமியின் கைக்குக் கீழே குனிந்து, மாடு இருந்திருக்க வேண்டிய இடத்தில் தலையை நீட்டிப் பார்த்தாள். பிறகு பீடத்தைச் சுற்றிப் பின்பக்கம் போனாள். "மாமா, இங்கே வாங்கோ, முதுகிலேயும் பண்ணியிருக்கு!" என்று கூவினாள். காவல்காரர் உஷ் என்றார்.

அவள் கண்டுபிடித்தது சின்ன விஷயமில்லை. கோயிலில் உற்சவரின் முதுகை யார் பார்க்கிறார்கள்? பட்டும் பீதாம்பரமும் சாத்தி, ஆளுயர மாலை போட்டு, நகையெல்லாம் பூட்டிய பிறகு நமக்குக் கிடைப்பது முகமும் கையும் பாதமுந்தான். அதுவும் தீபாராதனை வெளிச்சத்தில், முன்னால் நிற்பவரின் தோளுக்கு மேலாக. அபிஷேகத்தின்போது மட்டும் குருக்களின் கையும் கண்ணும் முழுத் திருமேனியையும் அறியும். யாரும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தே ஸ்தபதி அந்த முதுகெலும்பின் பள்ளத்தையும், பிடரியில் விழும் சடையையும், இடுப்பு முடிச்சையும் அப்படி இழைத்திருக்கிறான். ஆயிரம் வருஷம் துணிக்குள் இருந்த வேலை அது. மியூசியம் தெய்வத்தைத் தெய்வமாக இருக்க விடுவதில்லை என்று பெரியவர்கள் குறைப்படுவார்கள். நியாயமான குறைதான். விளக்கு இல்லை, நைவேத்யம் இல்லை, ஆறு கால பூஜையும் போய், திறக்கும் நேரம், மூடும் நேரம் என்று பலகை தொங்குகிறது. ஆனால் ஸ்தபதி என்கிற மனுஷனுக்கு நியாயம் கிடைத்தது அங்கேதான்.

அவன் வேலை செய்த விதத்தையும் சொல்லவேண்டும். தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் எண்ணெய் விட்டுக் காய்ச்சிப் பிசைந்து முதலில் மெழுகிலேயே சுவாமியைச் செய்வான். அதன் மேல் காவேரி வண்டலை, மாவுபோல் நைஸாக அரைத்து, பூசுவான். நகக்கீறல் அளவு நுணுக்கத்தைக்கூட அந்த வண்டல் பிடித்துக்கொள்ளும். அதற்கு மேல் முரட்டு மண். காயவைத்துச் சூடு காட்டினால் மெழுகு உருகித் துவாரத்தின் வழியே ஓடிவிடும். அது இருந்த இடம் வெற்றிடமாகும். அந்த வெற்றிடத்தில் உலோகக் குழம்பை வார்ப்பான். பஞ்சலோகம் என்று பெயர், பெரும்பகுதி செம்பு. ஆறியதும் மண் கூட்டை உடைக்க வேண்டும். ஆகவே ஒரு மெழுகுக்கு ஒரு சிலைதான். அதே அச்சில் இன்னொன்று கிடையாது. சுவாமிமலையில் இன்றும் இதே முறையில்தான் வார்க்கிறார்கள், அதே ஆற்றின் வண்டலைக்கொண்டு. நெல்லுக்குச் சோறாகிற மண் சுவாமிக்கு அச்சும் ஆகிறது.

திருவெண்காட்டுக் கோயில் கல்வெட்டினால் ரிஷபவாகனருக்கு வயது தெரிகிறது. முதலாம் ராஜராஜன் காலத்தில் 1011-ல் எழுந்தருளச் செய்திருக்கிறார்கள். மறுவருஷம், 1012-ல், பக்கத்தில் உமையும் வந்துவிட்டாள். அதே ஊர்ப் பிட்சாடனருக்கு 1048. தஞ்சாவூரில் பெரிய கோயில் விமானத்தின்மேல் கலசம் ஏறியது 1010-ல் என்பதை நினைத்துப் பாருங்கள். சுமார் ஒரு வருஷத்துக்குள் வந்தவர் இவர். அன்றைக்கு இது புராதனச் சின்னம் இல்லை. புத்தம் புதிய, பளபளக்கும் நவீன சிற்பம். ரிஷபமில்லாமல் நின்றால் இந்தத் தோரணையை ஒரு மாட்டிடையனுக்கும் ராஜகுமாரனுக்கும் நடுவே வைக்கலாம். இதென்ன புதுமாதிரி என்று அன்றைக்கு யாராவது ஒரு பழைய ஸ்தபதி முணுமுணுத்திருப்பார் என்று நினைக்க எனக்குப் பிடித்திருக்கிறது. பிரான்ஸ் தேசத்துச் சிற்பி ரோதேன், சென்னை மியூசியத்துத் திருவாலங்காட்டு நடராஜரை நேரில் காணாமல் போட்டோப் படங்களை மட்டும் பார்த்து ஒரு கட்டுரை எழுதினார். அது 1921-ல் அச்சாயிற்று. ஐரோப்பாவில் நவீன சிற்பத்துக்கு வழி வெட்டியவருக்கு அந்த விக்கிரகம் பழசாகத் தெரியவில்லை. 1966-ல் ஓவியர் கே. சி. எஸ். பணிக்கரும் அவர் மாணவர்களும் சென்னைக்குத் தெற்கே கடற்கரையில் தங்களுக்கென்று ஒரு கிராமம் அமைத்தபோது அதற்கு என்ன பெயர் வைத்தார்கள்? சோழமண்டலம். புதுமைக்குப் புறப்பட்டவர்கள் ஊர்ப்பெயரைத் தேடி நம் பக்கந்தான் வந்தார்கள்.

கலைக்கூடத்தில் எனக்கு ஒரு சங்கடமும் உண்டு. தாராசுரத்துச் சிற்பங்களுக்கு எதிரே நிற்கும்போதெல்லாம் அது தலைதூக்கும். இரண்டாம் ராஜராஜன் பன்னிரண்டாம் நூற்றாண்டில் கட்டிய ஐராவதேசுவரர் கோயிலைச் சேர்ந்த கருங்கல் உருவங்கள் அவை. யானையை உரித்துப் போர்த்தும் சிவன் சுழல்கிற வேகத்தில், கல் முறுகி நிற்கிறது. இன்னொரு பக்கம் பிட்சைக்கு வந்த சிவனும், அவரைக் கண்டு மேலாடை நழுவ மயங்கி நிற்கும் ரிஷிபத்தினிகளும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை அழைத்து வரும் வாத்தியார்கள் இந்த இடத்தில் மட்டும் நடையை எட்டிப் போடுவதைக் கவனித்திருக்கிறேன். அது கிடக்கட்டும். இவை தாராசுரத்திலிருந்து தஞ்சாவூருக்கு வந்தவை அல்லவா? தூரம் சுமார் 35 கிலோமீட்டர். கல்கத்தாக்காரரிடம் தஞ்சாவூர் சொன்ன நியாயத்தைத் தாராசுரம் தஞ்சாவூரிடம் சொன்னால் நாம் என்ன பதில் சொல்வோம்? லண்டனில் இருக்கும் அமராவதிச் சிற்பங்களைப் பற்றிப் பேசும்போது நமக்கு வருகிற கோபத்தில் ஒரு துளியாவது தாராசுரத்துக்காரனுக்கு வரக்கூடாதா? இடிந்து கிடந்த காலத்தில் எடுத்துக் காப்பாற்றினோம் என்று சொல்லலாம். உண்மைதான். லண்டன்காரனும் அதையேதான் சொல்கிறான். இப்போது தாராசுரம் கோயில் நன்றாக இருக்கிறது. 2004-ல் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில்கூடச் சேர்த்துவிட்டார்கள். அந்த ரிஷிபத்தினிகள் தங்கள் மண்டபத்துக்கே திரும்பினால் நான் ஆட்சேபிக்க மாட்டேன். உலோகத் திருமேனிகள் விஷயத்தில் மட்டும் அவ்வளவு தைரியமாகச் சொல்ல வாய் வரவில்லை. காரணம் சிவபுரம்.

கும்பகோணத்துக்குப் பக்கத்திலிருக்கிறது சிவபுரம். கரந்தைப் பிரம்மாவுக்காக ஊர் எழுந்த அதே 1951-ல் அங்கே ஒரு வயலில் நடராஜரும் வேறு சில விக்கிரகங்களும் கிடைத்தன. சட்டப்படி சர்க்கார் கைக்கு வந்தன. பிறகு ஊர்க் கோயிலுக்கே திருப்பித் தரப்பட்டன. பக்தி நோக்கில் பார்த்தால் இதைவிடச் சரியான காரியம் இல்லை. பழுதுபார்ப்பதற்காக அவற்றை ஒரு ஸ்தபதியிடம் கொடுத்தார்கள். திரும்பி வந்தது நடராஜரின் நகல். அசல் பம்பாய்க்குப் போய், கைமாறிக் கைமாறி, கடல் தாண்டிவிட்டது. கோயிலில் இருப்பது நகல் என்று முதலில் வெளியிட்டுச் சொன்னவர் நம்மவர் இல்லை. பிரிட்டிஷ் மியூசியத்தைச் சேர்ந்த டக்ளஸ் பாரட். சோழ விக்கிரகங்களைப் பற்றி 1965-ல் வெளியான தம் புத்தகத்தில் எழுதினார். 1973-ல் அமெரிக்காவில் நார்ட்டன் சைமன் என்ற செல்வர் அந்த நடராஜருக்குக் கொடுத்த விலை ஒன்பது லட்சம் டாலர். வழக்கு நடந்து, சமரசம் ஏற்பட்டு, பத்து வருஷம் அங்கேயே காட்சியில் இருந்துவிட்டு, 1986-ல் சுவாமி ஊர் திரும்பினார்.

இதற்கிடையில் சிவபுரத்து ஜனங்கள் கற்பூரம் காட்டியது, தேங்காய் உடைத்தது, பிள்ளை வரம் கேட்டது எல்லாம் அந்த நகலுக்குத்தான். அவை வீணா? வீண் என்று எந்தக் குருக்களும் சொல்லமாட்டார். ஆவாஹனம் செய்தால் மஞ்சள் பிண்டத்திலும் பிள்ளையார் வந்து உட்காருகிறார். கோயில் நகலோடு வாழமுடியும், மியூசியத்தால் முடியாது. கோயிலுக்கு வேண்டியது சாந்நித்தியம். மியூசியத்துக்கு வேண்டியது 1011-ஆம் வருஷத்தில் அந்த மெழுகைத் தொட்ட அந்தக் கைதான். இந்த வித்தியாசத்தைத் திருடர்கள் நம்மைவிட நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார்கள்.

சிவபுரத்தோடு கதை முடியவில்லை. 1976-ல் பத்தூரில் ஒரு கூலியாள் குடிசைக்காக மண் வெட்டியபோது அகப்பட்ட நடராஜர், 1982-ல் லண்டனுக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே போலீஸார் பிடித்து வைத்தார்கள். பத்தூர்க் கோயில் இடிந்து பூஜையற்றுக் கிடந்தது. இருந்தாலும் அந்தக் கோயிலே வாதியாக லண்டன் கோர்ட்டில் நின்றது! 1988-ல் தீர்ப்பு கோயில் பக்கம், அப்பீலிலும் அப்படியே, 1991-ல் விக்கிரகம் திரும்பியது. கொள்ளிடத்துக்கு வடக்கே ஸ்ரீபுரந்தானில் பூட்டிக் கிடந்த கோயிலிலிருந்து நடராஜர் களவுபோனது 2006-ல். ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் ஐம்பது லட்சம் டாலருக்கு வாங்கியது 2008-ல். அந்த நாட்டுப் பிரதமரே கொண்டுவந்து ஒப்படைத்தது 2014-ல்.

இதற்கெல்லாம் பயந்து நாம் கண்டுபிடித்த வழி திருவாரூரில் இருக்கிறது. தியாகராஜர் கோயிலுக்குள் ஒரு பாதுகாப்பு மையம் கட்டி, சுற்றுவட்டாரத்துச் சிறு கோயில்களின் உலோகத் திருமேனிகளை ஆயிரக்கணக்கில் அங்கே கொண்டுவந்து பூட்டி வைத்திருக்கிறார்கள். உற்சவ நாட்களில் சொந்த ஊர்க்காரர்கள் வந்து அழைத்துப் போவார்கள், போலீஸ் காவலோடு. முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து விடவேண்டும். பத்திரந்தான், மறுக்கவில்லை. ஆனால் இருட்டில் வரிசையாக நிற்கும் அந்த உமையையும் சோமாஸ்கந்தரையும் பார்ப்பது யார்? பக்தனுக்கு வருஷத்தில் இரண்டு நாள் தரிசனம். ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி சுற்றிவந்து முதுகைப் பார்த்துக் கூவ வழியே இல்லை. பெரிய கோயில் கல்வெட்டுகள் 66 உலோகத் திருமேனிகளை முழம், விரல் கணக்கில் அளந்து பட்டியல் போட்டு வைத்திருக்கின்றன. அவற்றில் இன்று எஞ்சியவை ஒன்றிரண்டுதான். அளவு இருக்கிறது, ஆள் இல்லை. அந்த அறையை நினைக்கும்போது எனக்கு அந்தப் பட்டியல்தான் நினைவுக்கு வருகிறது.

அந்த அறையில் இருப்பவற்றில் நூறு விக்கிரகங்களையாவது முறை வைத்து, ஆறு மாதத்துக்கு இத்தனை என்று, தஞ்சாவூர் அரண்மனையிலோ திருவாரூரிலேயே ஒரு மண்டபத்திலோ வெளிச்சத்தில் நிறுத்தினால் என்ன? காவல் போடட்டும், கண்ணாடி போடட்டும். உற்சவத்துக்கு ஊர் கேட்டால் கொடுக்கட்டும். பெயர்ச் சீட்டில் 'பிற்காலச் சோழர், வெண்கலம், 11-ஆம் நூற்றாண்டு' என்று எழுதி நிறுத்தாமல், எந்த ஊர், எந்த வயல், கல்வெட்டு இருந்தால் யார் கொடுத்தது என்பதையும் தமிழில் நாலு வரி எழுதி வைக்கட்டும். அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வருஷத்துக்கு ஒரு முறை பஸ் வைத்துக் கூட்டிவரட்டும். தங்கள் ஊர் சுவாமியைச் சுற்றிப் பார்த்த பிள்ளைகள் வளர்ந்த பிறகு, நகலைக் கொண்டுவந்து நிறுத்தி அவர்களை ஏமாற்றுவது அவ்வளவு சுலபமாக இருக்காது.

பிரம்மா விஷயத்தில் ஊர் எழுந்ததே, அது கலை ஞானத்தினால் இல்லை. கரந்தையில் சிற்ப சாஸ்திரம் படித்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? நம்முடையது என்ற ஒரு பிடிப்பு, அவ்வளவுதான். அதுவும் அயலூர்க்காரர் கை வைத்த பிறகு வந்த பிடிப்பு. கலைக்கூடத்துக்கு வரும் கிராமத்துப் பெண்கள் சிலர் விக்கிரகங்களின் முன்னே தயங்கி, செருப்போடு வந்துவிட்டோமே என்பதுபோல் காலைப் பின்னுக்கு இழுத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு நகர்கிறார்கள். பிறகு திரும்பி வந்து, பெயர்ச் சீட்டைப் படிக்கச் சொல்லிப் பிள்ளையிடம் கேட்கிறார்கள். பிள்ளை எழுத்துக் கூட்டிப் படிக்கிறான்.

ரிஷபம் இன்னும் கிடைக்கவில்லை. சுவாமியோடு அதையும் சேர்த்துத்தான் வார்த்திருப்பார்கள். அந்தக் கை சொல்கிறது. திருவெண்காட்டுப் பக்கம் மண் வெட்டுகிறவர்கள் சத்தம் கேட்டால் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பு இருக்கும்.